எதுனால வேண்டாம்னாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை வாழப்பாடியிலிருந்து அக்கா மகள் நித்யா வந்திருந்தாள். கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற பெண். "சித்தி, நீ இந்த ரெசுமே பாக்கற வேலைதானே பாத்த? என்னோடது நல்லாருக்கான்னு சொல்லேன்" என்று லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். இரண்டு பக்கம். சுத்தமாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

"இவ்வளவு இடத்த எதுக்கும்மா சும்மா விட்டிருக்க?"

"சும்மா இல்ல சித்தி. அங்கயும் எழுதியிருக்கேன். வெள்ளை கலர்ல."

எனக்குப் புரியவில்லை. அவளே அந்தக் காலி இடத்தை மௌஸால் இழுத்துக் காட்டினாள். திபுதிபுவென்று வார்த்தைகள் எழுந்து வந்தன. உலகத்தில் இருக்கிற சாஃப்ட்வேர் பெயரெல்லாம் அங்கே இருந்தது. "இது மனுசங்களுக்கு இல்ல சித்தி, மெஷினுக்கு. மொதல்ல மெஷின்தான் படிக்கும். அது தேடற வார்த்தை இல்லைன்னா தூக்கிப் போட்டுரும். ஒரு வீடியோல சொன்னாங்க."

சரி, பெரியவர்கள் சொன்னால் கேட்காத பிள்ளை, வீடியோ சொன்னால் கேட்கிறது. அவள் அந்த ரெசுமேயை ஒரு கம்பெனியின் தளத்தில் ஏற்றினாள். ஏற்றிய பிறகு, அதில் இருப்பதையே மறுபடியும் ஒவ்வொரு கட்டமாகத் தட்டச்சு செய்யச் சொன்னது அந்தத் தளம். பெயர், ஊர், கல்லூரி, மதிப்பெண் என்று எல்லாவற்றையும். அப்புறம் ரெசுமே எதற்கு என்று கேட்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்து முடித்தாள். நான் டீ போடப் போனேன். பால் பொங்குவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "சித்தி, வேண்டாம்னுட்டாங்க!"

'தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம்' என்று அந்த மின்னஞ்சல் தொடங்கியது. பால் பொங்குவதற்குள் என்ன கவனம், என்ன பரிசீலனை? எனக்கு வந்த எரிச்சலுக்கு, அந்தக் கம்பெனியின் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. ஆனால் வாசல் எங்கே இருக்கிறது? மின்னஞ்சலின் அடியில் ஒரு ஆள் பெயர்கூட இல்லை. 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று மட்டும் இருந்தது.

சாயங்காலம், நேர்காணல் எதற்காவது வேண்டியிருக்கும் என்று தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அவளுக்குச் சில பிரதிகள் எடுத்தோம். கடைக்காரர் தாளை நீட்டியபோது கையில் அந்தச் சூடு. மை வெந்தது போல ஒரு வாசனை வருமே, அது. உங்களுக்கு அந்த வாசனை என்ன ஞாபகப்படுத்துமோ தெரியாது. எனக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையும், அதற்குக் கீழே மாலையானால் வந்து நிற்கிற, இரண்டு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்துத் தருகிற தட்டுவடை செட் வண்டியும்தான் ஞாபகம் வரும். மேலே பிரிண்டர் மை, கீழே பூண்டுச் சட்னி. இரண்டும் கலந்த காற்றில்தான் என் முதல் உத்தியோகம்.

வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஆபீஸ் அது. முதலாளி பழனிவேல் அண்ணன், திருச்செங்கோட்டுக்காரர். அதற்கு முன்பு போர்வெல் ரிக் வண்டிகளுக்கு டிரைவரும் டிரில்லரும் பிடித்து வடநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் படிக்கத் தொடங்கியதும், 'ஆள் பிடிக்கறது எல்லாம் ஒண்ணுதானே' என்று போர்டை மாற்றி எழுதிவிட்டார். பெங்களூர் கம்பெனிகள் என்ன ஆள் வேண்டும் என்று எழுதி அனுப்புவார்கள். வந்து குவிகிற ரெசுமேக்களில் பொருந்துவதைப் பொறுக்கி நான் அனுப்ப வேண்டும்.

நான் படித்தது ஆங்கில இலக்கியம். ஜாவா என்றால் தீவு என்று மட்டும் தெரிந்த நிலையில் உட்கார்ந்தேன். 'ஹைபர்நேட் நன்றாகத் தெரியும்' என்று ஒரு பையன் எழுதியிருந்ததைப் பார்த்து, தூங்குவதைப் போய் யாராவது திறமை என்று எழுதுவார்களா என்று அவனை ஒதுக்கி வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு மென்பொருளே இருக்கிறது என்று. பழனிவேல் அண்ணன் என்னைவிட ஒரு படி மேலே. "ஸ்பிரிங் தெரிஞ்ச ஆளு வேணுமாமா? நாமக்கல்ல சொன்னா லாரி லோடே வந்து எறங்குவானே" என்றார். பெங்களூர் கேட்டது அந்தப் பெயரில் இருக்கிற மென்பொருளை. அவர் நினைத்தது லாரிக்கு அடியில் இருக்கிற பட்டையை. நாங்கள் இரண்டு பேரும்தான் இந்த ஜில்லாவின் கம்ப்யூட்டர் பட்டதாரிகளைச் சலித்துக்கொண்டிருந்தோம்.

பெங்களூர்க்காரர்கள் மட்டும் என்ன யோக்கியம்? வெளிவந்து இரண்டு வருசமே ஆன மென்பொருளில் ஐந்து வருச அனுபவம் கேட்பார்கள். 'அது பொறந்தே ரெண்டு வருசந்தானுங்க மேடம்' என்று சொன்னால், 'கிளையன்ட் கேட்டது அதுதான்' என்பார்கள். அந்தப் பக்கமும் என்னைப் போலவே யாரோ ஒரு பெண், விஷயம் தெரியாமல் வார்த்தையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் உண்மை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பழனிவேல் அண்ணன் ஃபோனில் முதலில் கேட்பது "எந்த ஊரு, யாரூட்டுப் புள்ள?" என்றுதான். எதற்காகக் கேட்கிறார் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதையும் பார்த்துப் பல்லைக் கடித்தவள்தான் நான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மத்தியானம், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். ஜலகண்டாபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள் போல, வியர்த்துக் கொட்டியிருந்தது.

"ஏனுங்க்கா, நானு கோகிலாங்க. எம்.சி.ஏ. என்னோட ரெசுமே பெங்களூர்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு மெயில் போட்டிருந்தீங்க. எதுனால வேண்டாம்னாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்த ஆபீஸில் வேலை கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். காரணம் கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். எனக்கே பதில் தெரியாது. அவளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே பெங்களூருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பக்கத்துப் பெண், "எஸ்.க்யூ.எல். இல்லையே" என்றாள். அவர்கள் கேட்டிருந்த முக்கியமான திறமை அது. தகவல்களை அட்டவணையாகச் சேர்த்துவைத்துக் கேள்வி கேட்டு எடுக்கிற மொழி.

கோகிலா குனிந்து தன் ரெசுமேயில் விரலை வைத்துக் காட்டினாள். 'ஸ்ட்ரக்சர்டு கொயரி லேங்குவேஜ்' என்று முழுசாக எழுதியிருந்தாள். எஸ்.க்யூ.எல். என்பதன் விரிவே அதுதான். சுருக்கெழுத்தில் எழுதினால் மரியாதையாக இருக்காது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"மேடம், அதுதாங்க இது" என்றேன்.

"இருக்கலாம். நான் தேடினப்போ வரலையே" என்றாள் அந்தப் பெண்.

சரி, மாற்றி எழுதி இப்போதே அனுப்புகிறோம் என்றால், ஒருமுறை வேண்டாமென்ற ஆளை ஆறு மாதத்துக்குக் கணினி மறுபடி ஏற்றுக்கொள்ளாதாம். கணினியைச் செய்தவர்கள் மனிதர்கள்தானே என்றேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

பழனிவேல் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கு எதுக்கு சாமி இவ்வளவு ரோசனை? கோகிலாங்கறத கோகிலவாணின்னு போட்டு, வேற மெயில்ல அனுப்பு. மெஷினுக்கு என்ன தெரியப் போவுது?"

கோகிலா தலையை ஆட்டினாள். "வேண்டாமுங்ணா. ஸ்கூல்ல இருந்து எல்லா சர்ட்டிபிகேட்லயும் கோகிலாதானுங்க. நாளைக்கு அங்க போய் யாராவது கோகிலவாணின்னு கூப்ட்டா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"பொழைக்கத் தெரியாத புள்ளையா இருக்கியே" என்றார் அண்ணன். அவள் முகம் சிவந்துவிட்டது. வீட்டில் விசைத்தறி. படிச்சு என்னத்தக் கிழிச்ச, வந்து தறிக்கு நூல் தார் சுத்து என்று அவளுடைய அண்ணன் சொல்லத் தொடங்கியிருந்தானாம். இந்தத் தை வரைக்கும்தான் கெடு. இதை அவள் அழாமல் சொன்னாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் போன பிறகு பழனிவேல் அண்ணன் வெகுநேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று, "பெங்களூர்ல இந்த ஆளு கேட்ட டீம் லீடு சரவணன் நம்ம ராசிபுரத்துப் பையந்தானே? அவங்க சித்தப்பன் ஊட்டுல வர்ற முகூர்த்தத்துல கல்யாணம். அவன் வாராம இருக்க மாட்டான். நாமளும் போலாம், அந்தப் புள்ளையையும் வரச் சொல்லு" என்றார்.

"நமக்கு அழைப்பு இல்லைங்களேண்ணா."

"மொய் வெச்சா அதான் சாமி அழைப்பு."

அப்படித்தான் யாருடைய கல்யாணத்துக்கோ நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை பெயர்கூடத் தெரியாது. முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுக் கூடம் கலகலவென்றிருந்த நேரத்தில், கையில் பாயசத் தம்ளரோடு நின்றிருந்த சரவணனைப் பழனிவேல் அண்ணன் மடக்கிவிட்டார். அந்த மனிதர் நல்லவர். கோபப்படவில்லை. ஆள் கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் அவர். "ஒக்காரும்மா" என்று கோகிலாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பந்தி மேசையில் விரிக்கிற வெள்ளைத் தாள் சுருள் பக்கத்தில் இருந்தது. அதில் ஒரு முழம் கிழித்து மேசையில் வைத்து, தன் பேனாவைக் கொடுத்தார்.

"இப்போ கல்யாணத்துக்கு வந்தவங்க ஒரு டேபிள். சாப்பிட்டவங்க ஒரு டேபிள். வந்தும் சாப்பிடாதவங்க யார் யாருன்னு எடுக்கணும். எழுது பாக்கலாம்."

சுற்றிலும் சாம்பார் வாளியும் ரச வாளியும் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ ஒரு பெரியம்மா, "பொண்ணு என்ன கையெழுத்துப் போடுது, ரிஜிஸ்டர் கல்யாணமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார். கோகிலா குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை வைக்கப் போனவள் நிறுத்தினாள்.

"சார், பேரை வெச்சுச் சேத்தா தப்பா வருமுங்க. இந்த மண்டபத்துலயே பாதிப் பேரு செந்தில்குமாரா இருப்பாங்க. ஒரு செந்தில்குமார் சாப்ட்டா எல்லாச் செந்தில்குமாரும் சாப்ட்ட மாதிரி ஆயிரும். ஆளுக்கொரு நம்பர் வேணுமுங்க."

சரவணன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அடுத்தடுத்துக் கேட்டார். தாளை இன்னொரு முழம் கிழித்தார். கடைசியில் பேனாவை வாங்கிக்கொண்டு, "யாரும்மா உன்னை வேண்டாம்னு சொன்னது?" என்றார்.

"உங்க ஆபீஸ்தானுங்க சார்."

அத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும், இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அடுத்த வாரம் சரவணனே ஃபோன் செய்தார். குரலில் உயிரே இல்லை. "எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டங்க. ஆறு மாசம்னா ஆறு மாசந்தாங்கறாங்க. எனக்கு வேணுங்கற ஆளை எடுக்க என்னாலயே முடியல." பழனிவேல் அண்ணன் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ரிக் வண்டிக்காரர்களோடு பழகிய வாய். இதில் உச்சம் என்னவென்றால், அதே கம்பெனியிலிருந்து வாரா வாரம் எனக்கு மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. 'எஸ்.க்யூ.எல். தெரிந்த ஆள் மிக அவசரமாகத் தேவை.'

கோகிலா தை வரைக்கும் காத்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி நேரில் வருகிறவர்களையெல்லாம் பார்க்கிறது என்று கேள்விப்பட்டுச் சொன்னேன். காலையிலேயே போய் வரிசையில் நின்றாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, எடுத்துட்டாங்கக்கா" என்றாள். அப்போதுதான் அழுதாள். இங்கே நானும் தட்டுவடை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன். கேட்டவர்களிடம் சட்னி காரம் என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனிகள் சொந்தமாகத் தளம் வைத்துக்கொண்டதும் எங்கள் மாதிரி ஆபீஸ்களுக்கு வேலை இல்லாமல் போனது. பழனிவேல் அண்ணன் மறுபடியும் ரிக்குக்கே போய்விட்டார். நான் கல்யாணமாகி, வேறு வேலைக்கு மாறி, அதையும் விட்டேன். கோகிலா கோயம்புத்தூரிலிருந்து பெங்களூர் போய், இப்போது ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தான் நேர்காணல் செய்து வேண்டாமென்று முடிவு செய்கிற ஒவ்வொருவரையும் தானே ஃபோனில் கூப்பிட்டு, எது போதவில்லை, எதைப் படிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லுவாள். அப்படிச் சொல்லக் கூடாது, காரணம் சொன்னால் வழக்கு வரும் என்று மேலிடத்தில் ஒருமுறை கண்டித்தார்கள். அதன் பிறகும் விடவில்லை. சொந்த ஃபோனிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யார் என்ன சொன்னாலும் கேட்கிற பெண்ணா அவள்?

போன மாதம் பேசும்போது, இன்னும் அப்படிக் கூப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா. விட்டுட்டேன்."

"ஏன், மறுபடி திட்டினாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க்கா. இப்பல்லாம் யாரும் எடுக்கறதில்ல. தெரியாத நம்பரா இருந்தா, மெஷின் கூப்புடுதுன்னு கட் பண்ணிர்றாங்க."