ரைஸ் குக்கர் ஏறாத கப்பல்

கப்பல் தொழிலிலேயே கஷ்டமான வேலை பயணியாக இருப்பதுதான். சிங்கப்பூரில் துவாஸ் கப்பல் பட்டறையில் பல வருஷம் வெல்டிங் செய்தவன் சொல்கிறேன், நம்பலாம். கப்பலுக்கு அடியில் படுத்து வேலை செய்தபோது என்னை யாரும் பார்க்கவில்லை. குளித்து, சென்ட் அடித்து மேல்தளத்தில் ஏறிய பிறகுதான் ஊரே என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது. குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போய்வந்த மகாஜனங்களே, உங்களுக்கு இது புரியும்.

நாங்கள் கடல் பார்க்கப் போகவில்லை. என் மகள் கயலும் அவளோடு வேலை செய்யும் பையனும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். பையனின் அம்மா புவனேஸ்வரி ஒரு பள்ளியில் துணை முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், படித்த குடும்பம். "ரெண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு குரூஸ் போவோம். பழகிப் பார்த்துட்டு முடிவு சொல்றோம்" என்றார். ஆக, பினாங்கு வரை போய்த் திரும்பும் கப்பலில் நாங்கள் பரீட்சை எழுதப் போனோம். பூன் லே வீட்டைப் பூட்டும்போதே என் மனைவி செல்வியிடம், "மானத்தை வாங்கிடாதம்மா, பொண்ணு வாழ்க்கை" என்று கெஞ்சினேன்.

பெட்டி சோதனை

கப்பல் முனையத்தில் எங்கள் பெட்டி மட்டும் இயந்திரத்துக்குள் போய் வெளியே வராமல் நின்றது. பாதுகாப்பு அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். திறந்து, என் பழைய கைலியில் சுற்றியிருந்த ஒரு குட்டி ரைஸ் குக்கரை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்திலேயே அரிசிப் பை வேறு. எங்களுக்கு நேர் பின்னால் புவனேஸ்வரி அம்மாவும் அவர் கணவரும்.

"இந்தப் பெட்டி யாரோடது?" என்று கேட்டாள் அந்தப் பெண். நான் மெல்ல நகர்ந்துபோய், சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தேன். கர்ப்பிணிகள் கவனத்துக்கு என்று இருந்தது, அதையும் விடாமல் படித்தேன். செல்விதான் கையைத் தூக்கி "என்னோடதும்மா" என்றாள். கப்பலில் சமையல் சாமானுக்கு அனுமதி இல்லையாம். அந்தப் பெண் குக்கருக்கு ஒரு சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "உள்ள யாரையும் பட்டினி போட மாட்டாங்க லா, ஆன்ட்டி. திரும்பி வரும்போது வாங்கிக்கோங்க."

இடம் பிடித்தல்

நம் ஊர் உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் அந்த இடம் நமக்கு. எப்பேர்ப்பட்ட ஆளும் தொடமாட்டார். இது கடலிலும் செல்லும் என்று செல்வி நம்பிவிட்டாள். காலையிலேயே எழுந்துபோய், நீச்சல் குளத்தோரம் இருந்த சாய்வு நாற்காலிகளில் வரிசையாக டிஷ்யூ வைத்துவிட்டு வந்தாள். லிட்டில் இந்தியா நகைக்கடை ஒன்று சும்மா கொடுத்த பாக்கெட்டுகள்.

பசியாறிவிட்டு எல்லாரும் குளத்தோரம் போனால், ஒரு வெள்ளைக்காரத் தாத்தா எங்கள் நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறார். எங்கள் டிஷ்யூவால் முகத்தில் வழிந்த கிரீமைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். செல்வி விடுவாளா? "ஹலோ அங்கிள், இது நாங்க பிடிச்ச இடம்" என்று அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளோடு நின்று நாலு வார்த்தை பேசியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தள்ளியிருந்த ஒரு நாற்காலியில் படுத்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். துண்டுக்குள் இருந்தே அந்தத் தாத்தாவின் பதில் கேட்டது: "நீங்க வச்சதா? ரொம்ப நல்ல ஏற்பாடு. இன்னொரு பாக்கெட் இருக்கா?"

கோட்டு போட்ட சாப்பாடு

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பகட்டாக உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். மருமகனாக வரப்போகிறவர் எனக்கு ஒரு கோட்டு இரவல் கொடுத்திருந்தார். செல்வி பட்டுப்புடவையில் அம்சமாகத்தான் வந்தாள். உப்புச் சப்பில்லாத வேகவைத்த மீன் வந்தது. எல்லாரும் முள்கரண்டியால் அதைத் தடவிக்கொண்டு இருந்தபோது, அவள் கைப்பையிலிருந்து மாங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். ஐயோ, அந்த வாசனை! பக்கத்து மேசைவரை போனது. மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். "ஆ" என்றவர் சம்பந்தி.

புவனேஸ்வரி அம்மா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அருமை. வீட்ல போட்டதா?" என்று கேட்டார். சம்பந்தியின் காலை மிதித்த கூச்சத்தில் நான் முந்திக்கொண்டேன். "சேச்சே, தேக்கா மார்க்கெட்ல ஏதோ கடையில வாங்கினது மேடம். வேண்டாம்னா கேக்கமாட்டா."

பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கென்று, மாங்காய் தேடி வாங்கி, சன்னலோரம் வெயில் வரும் பக்கமெல்லாம் தட்டை நகர்த்தி நகர்த்தி அவள் போட்ட ஊறுகாய் அது. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாட்டிலை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஆமாங்க, கடையில வாங்கினதுதான்."

முடிவு

சிங்கப்பூர் தெரிய ஆரம்பித்த காலையில், மேல்தளத்தில் புவனேஸ்வரி அம்மா தனியாக என்னிடம் வந்தார். "கயலை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நல்ல நாள் பாருங்க" என்றார். அப்பாடா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் போகவில்லை. "செல்வியையும் எனக்குப் பிடிச்சிருக்கு. கடை ஊறுகாய்ல கடை பேர் இருக்கும், அந்தப் பாட்டில்ல காப்பித்தூள் பேர்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம் குரலை உயர்த்தாமல், வகுப்பில் சொல்வது மாதிரி சொன்னார்: "கட்டின மனைவியை நாலு பேர் முன்னால யாரோ மாதிரி விட்டுட்டு நிக்கக் கூடாதுன்னு என் பையன்கிட்ட சொன்னேன். உங்களைக் காட்டித்தான் சொன்னேன், மிஸ்டர் மாணிக்கம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று நாளாக அவளால் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அத்தனை வெட்கமும் என்னுடையதுதான்.

முனையத்தில் இறங்கினோம். அதே அதிகாரிப் பெண் குக்கரைத் தூக்கிக் காட்டி, "இது யாரோடது?" என்று கேட்டாள். "என்னோடது!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. செல்வி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "பார்த்துத் தூக்குங்க, மூடி லூசு" என்றாள்.

தை மாதம் கல்யாணம். சம்பந்தி அம்மா ஊறுகாய் கேட்டிருக்கிறார், அது எந்தக் கடையிலும் கிடைக்காது, செல்வி கையால் போடுவது என்று இந்தத் தடவை நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.