பாதி கணக்கில் வராது

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது 1991-ல், பென்னலூரில், பட்டப்பகலில் நடந்தது. போயும் போயும் ஸ்ரீதர் என்ற வெத்துவேட்டுக்கு நடந்தது என்பதுதான் ஒரே குறை.

ஸ்ரீதரின் உடம்பு ஊதினால் பறக்கும். வாய் மட்டும் வண்டலூர் வரை நீளும். பெங்களூர் ரோட்டோரக் கம்பெனி ஒன்றில் தினக்கூலி கேஷுவலாக இருந்தான். மாதக் கடைசியில் அங்கே லோடிங்குக்கு நிரந்தர ஆள் எடுக்கப் போகிறார்கள். ஐம்பது கிலோப் பெட்டியைப் பத்து முறை தூக்கிக் காட்ட வேண்டும். தவறினால் மறுபடியும் அண்ணன் வீட்டுத் தண்டச்சோறு. அதற்காகத்தான் ஜிம்முக்கு வந்தான்.

ஜிம் என்றால் தகரக் கொட்டகை. ஒரு பெஞ்சு, ஒரு இரும்புத் தண்டு, சிமென்ட் ஊற்றிய டப்பா எடைகள். படுத்துத் தூக்குபவன் தன் கணக்கைத் தானே போடக் கூடாது என்பது அங்கே வழக்கம். தலைமாட்டில் நிற்பவன்தான் எண்ணி, சுவரில் அவன் பெயருக்கு மேல் சாக்பீஸால் கோடு போடுவான். வாரக் கடைசியில் கோடுகளைக் கூட்டிப் பார்த்துத்தான் எடையை ஏற்றுவார்கள்.

ஜிம்மை நடத்திய கலைமணி கறாரான ஆள்.

"கை முழுசா நீளலடா. பாதி. கணக்குல வராது."

"என் கணக்கு எனக்குத் தெரியாதா?"

"தனியா மட்டும் படுத்துக்காத. சொல்லிட்டேன்."

'இவன் பெரிய வாத்தியாரு' என்று முனகிக்கொண்டே போனான் ஸ்ரீதர்.

மறுநாள் கலைமணிக்கு அவன் வேலை பார்த்த கம்பெனியில் பகல் ஷிப்ட்; கொட்டகையில் யாரும் இல்லை. நடுமதியம் ஸ்ரீதர் சொந்தமாக ஒரு சாக்பீஸோடு வந்தான். கொட்டகை அனலாகக் கொதித்தது. பெஞ்சு மட்டும் சில்லென்றிருந்தது.

பத்து முறை தூக்கினான். மூன்று அரைகுறை. இருந்தாலும் பத்துக் கோடு போட எழுந்தான்.

சுவரில் ஏற்கெனவே ஏழு கோடு இருந்தது. பொடி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

சாக்பீஸ் அவன் சட்டைப் பையில்...

அறிவுள்ளவன் ஓடியிருப்பான். இவன், "எவன்டா அது வெளயாடறது?" என்று கத்திவிட்டு மறுபடியும் படுத்தான்.

ஒன்று... தலைமாட்டில் 'சர்ரக்'.

இரண்டு... 'சர்ரக்'.

மூன்று... தண்டு பாதியில் நின்றது.

சத்தம் இல்லை.

தண்டு நெஞ்சில் இறங்கியது. மூச்சு முட்டியது. அவன் விரல்களுக்குப் பக்கத்தில்... வேறு விரல்கள்.

அவை தூக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தன.

காதருகே ஒரு குரல்.

"பாதி."

உடம்பை முறுக்கினான். ஒரு பக்கத்து டப்பா சரிந்தது, தண்டு கவிழ்ந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

மாதக் கடைசியில் கம்பெனியில் பெட்டியை எட்டு முறை தூக்கிவிட்டான். ஒன்பதாவதில், காதருகே அதே குரல்.

"பாதி."

பெட்டியைக் கீழே போட்டான். வேலை போயிற்று.

அன்று சாயங்காலம்தான் வாய் அடங்கி, கலைமணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கலைமணி தணிந்த குரலில் சொன்னான்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன கோபால்னு ஒருத்தன் இங்க வந்துக்கினு இருந்தான். உன்ன மாரியே வாய். தனியா படுத்தான். தண்டு கழுத்துல வுழுந்து செத்துட்டான்."

"அப்ப... அது கோபாலா?"

"தெரியலடா. கதவு உள்ளார தாழ்ப்பா போட்டிருந்துச்சு. ஒடச்சிக்கினுதான் போனோம். ரெண்டு கையும் தண்டுக்கு அடியில. சாக்பீஸ் என் பையில. ஆனா அவன் பேருக்கு மேல..."

கலைமணி விரலால் காற்றில் கோடு இழுத்துக் காட்டினான்.

"புதுசா ஒம்போது கோடு."