முந்தின நாள் உப்புமா

போன வருஷம் ஆவணி மாதம். முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்க, தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவாகியிருந்தது. யார் எடுத்த முடிவு என்று கேட்காதீர்கள், நானேதான்.

நான் வீட்டிலேயே தையல் தைக்கிறவள். நாலைந்து வருஷமாக நெஞ்சில் ஒரு கரிப்பு. மெஷினில் குனிந்தால் போதும், சாப்பிட்டது தொண்டைக்கு எதுக்களித்து வரும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. காரத்தை விட்டேன், புளியை விட்டேன், டீயைக்கூட விட்டேன். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தண்ணீர் குடித்துத்தான் தள்ள வேண்டியிருந்தது. உடம்பு பாதியாகிவிட்டது. அளவு கொடுக்க வருகிறவர்கள் "என்னக்கா, டயட்டா?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனாருக்கும் முன்பு இதே தொந்தரவு. வயிற்றின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி இறுக்கித் தைத்து, அமிலம் மேலே ஏறாமல் செய்கிற ஆபரேஷனைப் பண்ணிக்கொண்டார். இப்போது மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு, அவருக்குச் செய்த டாக்டரம்மாவிடமே போனேன்.

"அண்ணிக்குப் பண்ண மாதிரியே எனக்கும் பண்ணிடுங்க மேடம். தேதி மட்டும் சொல்லுங்க" என்றேன், கடையில் துணி எடுக்கிற தோரணையில்.

அவர் மசியவில்லை. மாத்திரை கேட்கவில்லை என்பதற்காக மட்டும் யாருக்கும் கத்தி வைக்க முடியாது, மேலே வருவது அமிலம்தானா, குழாய் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் எண்டோஸ்கோப்பிக்கு வரச் சொன்னார். சும்மா டெஸ்ட் மேல் டெஸ்ட் எழுதி இழுக்கிறார்கள் என்று வெளியே வந்து நாத்தனாரிடம் பொரிந்து தள்ளினேன். அன்றைக்குப் பக்கத்திலிருந்த சிறுவாச்சூரில் அவர் வீட்டிலேயே தங்கினேன். பொழுது சாயும் முன்பே சேமியா உப்புமாவை முடித்துக்கொண்டேன்.

மறுநாள் தொண்டையில் மருந்தடித்து மரக்க வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, குழாயை உள்ளே விட்டார்கள். சற்று நேரத்தில் டாக்டரம்மா அதை வெளியே எடுத்துவிட்டார். அவர் முகம் சரியில்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். பொய் சொல்லாதீங்கம்மா, உள்ளே அவ்வளவு சாப்பாடு நிற்கிறது, மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடிந்துகொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"சத்தியமா இல்லீங்க. நேத்து பொழுதோட சேமியா உப்புமா சாப்ட்டா. அதுக்கப்புறம் பச்சத் தண்ணி கூடப் பல்லுல படல. நான் பக்கத்துலயேதான் படுத்திருந்தேன்" என்றார் அவர்.

டாக்டரம்மா திரையில் படத்தைக் காட்டினார். உணவுக்குழாய்க்குள்ளேயே வெள்ளை வெள்ளையாக இழைகள். சேமியா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராத்திரி முழுக்கக் கழிந்தும் நான் விழுங்கியது வயிற்றுக்கே போய்ச் சேரவில்லை.

அவர் குரல் தணிந்துவிட்டது. எதுக்களித்து வருகிறதே, அது புளிக்குமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். புளித்ததே இல்லை. சாப்பிட்ட சோறு சாப்பிட்ட ருசியிலேயே திரும்பி வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நெஞ்செரிச்சல் என்று போய் நின்றேன், நெஞ்செரிச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள்.

பிறகு திருச்சிக்கு அனுப்பினார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். அந்த முடிவோடு திரும்பி வந்து டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்கு இருந்தது வேறு நோய். விழுங்கும்போது தானாகத் திறக்க வேண்டிய உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்கவே இல்லை. அமிலம் மேலே வரவில்லை, சாப்பாடுதான் கீழே போகவில்லை. பார்ப்பதற்கு நெஞ்செரிச்சல் போலவே இருந்து ஆளை ஏமாற்றுமாம்.

"நீங்க கேட்ட ஆபரேஷனப் பண்ணியிருந்தா, தொறக்காத எடத்த இன்னும் இறுக்கிக் கட்டுன மாதிரி ஆயிருக்கும்மா. எச்சில் எறங்குறதே கஷ்டமாயிருக்கும்" என்றார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். என் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையப் பாத்துத்தானே புள்ள நீயும் இதப் பண்ணிக்கணும்னு கெளம்பின" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவரைத் தேற்றுவதா, நான் அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே அழுதோம்.

இறுகிக் கிடந்த அந்தத் தசையைத் தளர்த்திவிடுகிற சிகிச்சையைப் பிறகு செய்துகொண்டேன். இப்போது ஓரளவு எல்லாம் சாப்பிடுகிறேன், உடம்பும் தேறிவிட்டது. ஆனாலும் ஒரு மடக்குத் தண்ணீர் சுகமாக உள்ளே இறங்குகிற போதெல்லாம், இந்த வழியைப் போய் நானே அடம்பிடித்து அடைக்கப் பார்த்தேனே என்று இன்றைக்கும் உடம்பு ஒரு நிமிஷம் நடுங்கித்தான் அடங்குகிறது.