வார்னிஷ் குடித்தவரும் வாசலில் நின்ற போலீசும்

நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு தச்சர் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார். காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "இன்னாம்மா, இங்க இம்மாம் புகையா கீது?" என்று என்னைக் கேட்டார். புகை எங்கேயும் இல்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஆரணிக்குப் பக்கத்தில் சிறிய சர்க்கார் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான், ஒரு ஆயா. மதுவிலக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதைக் கேலி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கள்ளுக்கடை மூடிய பிறகு மண்டை உடைந்து வரும் பெண்கள் குறைந்துவிட்டார்கள் என்று ஆயா வாய் ஓயாமல் சொல்வாள். ஆனால் குடியை விட முடியாதவர்கள் கையில் கிடைத்ததைக் குடித்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று மேலே இருந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. குடித்துவிட்டு யார் வந்தாலும் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

தச்சர் பெயர் ஏகாம்பரம், மனைவி கன்னியம்மா. வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல். டாக்டருக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. தச்சருக்கு உடம்பு, வேட்டி எல்லாமே வார்னிஷ் வாசனைதான். என்ன சாப்பிட்டார் என்று கேட்டதற்குக் கஞ்சியும் கருவாடும் என்றாள் கன்னியம்மா.

"இதபாரும்மா, வார்னிஷ் குடிச்சிருந்தா சொல்லிடு. வைத்தியம் இருக்கு" என்றார் டாக்டர்.

அவள் வாசலைப் பார்த்தாள். வேறு ஏதோ அடிதடி கேஸுக்கு வந்த கான்ஸ்டபிள் ஒருவர் அங்கே தூணில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு அத்தத் தொட்டே ரொம்ப நாளாவுது சார். என் புள்ளைங்க மேல சத்தியம்."

ஏகாம்பரம் முன்பே ஒருமுறை குடித்துப் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனவர். அப்போது வீட்டில் அடுப்பு எரியவில்லை, பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளில் கையேந்தின. இதை ஆயாதான் எனக்குச் சொன்னாள்.

டாக்டர் தவித்துப்போனார். வார்னிஷில் இருக்கும் விஷ ஸ்பிரிட்டுக்கு மாற்று, பிராந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதுதான். அலமாரியில் ஒரே ஒரு பாட்டில் பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்கக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் போலீஸ் கேஸ். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிராந்தி கொடுத்து, ஆள் வேறு நோயில் செத்தால் டாக்டர் வேலையும் போய்விடும். சோடா மருந்தும் சலைனும் கொடுத்துவிட்டு, நிமிஷத்துக்கொரு தரம் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவள் புருஷனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உச்சிவெயில் நேரத்தில் ஏகாம்பரம் கையால் துழாவினார். "இருட்டிப்போச்சே கன்னிம்மா. வெளக்க ஏத்து."

கன்னியம்மா என் காலைக் கட்டிக்கொண்டாள். "வார்னிசுதான் நர்ஸம்மா. வேலைக்கு வாங்கினதுல மீதி. சொன்னா இட்டுக்கினு பூடுவாங்கன்னு பயந்துட்டேன்."

டாக்டர் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கான்ஸ்டபிள் எப்போதோ போய்விட்டிருந்தார். வந்த வேலை முடிந்து கிளம்பியிருப்பார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பிராந்தி உள்ளே போயும் பலனில்லை, நேரம் கடந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஏகாம்பரம் போய்ச் சேர்ந்தார். கன்னியம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "காலைலயே சொல்லியிருந்தா அவரப் புடிச்சிக்கினு போயிருப்பாங்க, இல்ல?"

காலையிலேயே சொல்லியிருந்தால் ஆள் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். "ஆமா, போயிருப்பாங்க" என்றேன்.

அதன்பிறகு சர்வீஸ் முழுக்க, குடித்திருக்கலாம் என்று தோன்றும் நோயாளி வந்தால் போலீஸ்காரரை முதலில் டீக்கடைக்கு அனுப்புவேன். கதவைச் சாத்துவேன். பிறகுதான் கேள்வி. மேலதிகாரிகள் இரண்டு பேர் இதற்காக என்னைக் கடிந்துகொண்டார்கள். கடிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் நீங்களும் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.