மாமி கேட்ட எகிப்துக் கேள்வி

புறப்படுகிறவரைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. எங்கள் வீட்டில் இது சட்டம். சட்டம் போட்டவர் மாமி, என் கணவரின் தாயார். மீறுகிறவரும் அவரேதான். வாய் சும்மா இராது.

ஸ்கூட்டி லைசென்ஸ் சோதனைக்கு நான் முதல்முறை கிளம்பியபோதும் கேட்டார், இரண்டாம் முறையும் கேட்டார். இரண்டு முறையும் எட்டு வடிவ வளைவில் காலை நிலத்தில் ஊன்றித் தோற்று வந்தேன். எனக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியாததுதான் காரணம். மாமி நம்பவில்லை. "என்ரை வாயாலைதான் கெட்டுது, பிள்ளை" என்று அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவேயில்லை. பாவம், லைசென்ஸ் என்னைவிட அவருக்குத்தான் தேவை. மகன் கட்டார் நாட்டில் வேலை. கண்டாவளையில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் எடுக்கும் சந்திவரை நடக்க மாமியின் முழங்கால் விடாது. உடையார்கட்டில் இருக்கும் தங்கச்சியைப் பார்த்து ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். அந்தக் கிழமைப் பாடம் பழைய எகிப்து. நடப்பதற்கும் பயணம் போவதற்கும் அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. இப்போது அதை 'ஷெம்' என்று உச்சரிக்கிறார்கள். எழுதும்போது கூடவே நடக்கிற இரண்டு கால்களையும் வரைந்துவிடுவார்களாம், இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. குசினியில் புட்டுக்குக் கொட்டிய மாவில் மாமிக்கு அதைக் கீறிக் காட்டினேன்.

"வாயில்லாத கால். நல்ல சனம்" என்றார்.

மூன்றாம் முறை நான் புறப்பட்ட காலை, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேற்றடியில் நின்றார். நான் செருப்பைப் போட்டேன். அவருக்குப் பொறுக்கவில்லை. தலைப்பை எடுத்தார்.

"ஷெம்?"

எனக்குச் சிரிப்பு வெடித்தது. "ஓம் மாமி, ஷெம்."

"தமிழிலை கேக்கேல்லைத்தானே. குற்றமில்லை" என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

பஸ்ஸில் வழி முழுக்கச் சிரித்தேன். பயம் போன இடம் தெரியவில்லை. எட்டு வளைவில் என் கால் நிலத்தைத் தொடவேயில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். அவ்வளவு சந்தோசம்.

அடுத்த ஞாயிறு நான் சாவியோடு முற்றத்துக்கு வந்தபோது, மாமி நல்ல சேலை உடுத்து, மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு, ஸ்கூட்டியின் பின்னிருக்கையில் ஏற்கெனவே ஏறியிருந்தார்.

"என்ன பாக்கிறாய்? கேள் பிள்ளை, எங்கை போறனெண்டு."

"எங்கை மாமி போறியள்?"

"என்ரை தங்கச்சியிட்டை!" என்றார், அயலுக்கெல்லாம் கேட்கிற மாதிரி.