ஐந்து கிலோ குப்பை

வீட்டில் குப்பை இல்லாததற்காகப் பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்து நின்றவன் நான். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. யார்மேல் என்பது மட்டும் மாறிவிட்டது.

அப்போது கண்டியில் ஏழாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சுற்றாடல் கழகம் ஓர் அறிவிப்புச் செய்தது. வீட்டில் சேரும் பிளாஸ்டிக், பொலித்தீன் குப்பையை வெள்ளிக்கிழமைதோறும் கொண்டுவர வேண்டும். மிஸ் எடை நிறுத்து எழுதிக்கொள்வார். மூன்று மாதத் தவணை முடிவதற்குள் ஐந்து கிலோ சேர்ப்பவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளப் பச்சை பட்ஜ். முதலில் சேர்ப்பவனுக்குப் பெற்றோர் கூட்டத்தில் பூமி சூடாவதைப் பற்றிப் பேசும் வாய்ப்பும் உண்டு. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் சொன்னதில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த பட்ஜைக் குத்தாமல் பூமியைக் காப்பாற்ற முடியாது என்றே நம்பினேன்.

குசினி மூலையில், அடுப்புக்குத் தள்ளி, அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தேன். பிரச்சினை அம்மா. காலையில் நான் போட்ட யோகட் கப்பில் மாலையில் மிளகாய்க் கன்று நிற்கும். பால்மா பையைக் கழுவி உப்புப் போட்டிருப்பார். சோறு கட்டிய பொலித்தீன் லஞ்ச் சீட் கொடியில், என் பள்ளிச் சட்டைக்குப் பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருக்கும்.

"அம்மா, அது குப்பை. எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"ஓட்ட விழுந்து ஒழுகுனா குப்பை. இது நல்லாத்தானே இருக்கு?"

"மிஸ் கேக்குறாங்கம்மா."

"அவங்களுக்கு வேணும்னா ஒண்ணு குடு. எல்லாத்தையும் எதுக்குக் குடுக்கணும்?"

மூன்று வெள்ளிக்கிழமைகள் போயின. என் பெயருக்கு நேரே அரைக் கிலோகூட ஏறவில்லை. பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்தவரின் மகன் என் வகுப்பு. வாரம் ஒரு சாக்கோடு வேனில் வந்து இறங்குவான். அவன் என் பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "உங்க வீட்டுல சாப்பிடவே மாட்டீங்களாடா?" என்றான். மிஸ் அக்கறையாகத்தான் சொன்னார்: வீட்டாருக்கு விழிப்புணர்வு போதாது, நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். போய்ச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே பாண் ரொட்டி வந்த பையின் சுருக்கத்தை நீவினார்.

கடைசியில் காப்பாற்றியவர் மாமா. பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் மெச் முடிந்த மறுநாள் கூட்டித் துப்புரவாக்கும் வேலைக்குப் போனவர், மூன்று உரப்பை நிறையத் தண்ணீர்ப் போத்தல்களோடு வந்தார். பலவற்றை மிதித்து நசுக்கியிருந்தார். சிலவற்றில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

"குடிச்சவன் எவனோ, பட்ஜ் உனக்கா மாப்புள? நல்ல இஸ்கூலு" என்றார்.

அம்மா மிச்சத் தண்ணீரை மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றினார். பிறகு, எண்ணெய் ஊற்றி வைக்க நாலு போத்தல் கேட்டார். ஒன்றும் தரமாட்டேன் என்று உரப்பைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை ஐந்து கிலோவையும் தாண்டினேன். கடைக்காரர் மகனுக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது.

பெற்றோர் கூட்டத்தில், வீட்டுக் குப்பையைக் குறைப்பது எப்படி என்று பேசினேன். பெற்றோருக்குப் புரியவைப்பது மாணவர்களாகிய எங்கள் கடமை என்று முடித்தபோது, பின்வரிசைக் கதிரையிலிருந்து அம்மாவும் கைதட்டினார். பட்ஜோடு பரிசாக ஒரு புதுத் தண்ணீர்ப் போத்தலும் கிடைத்தது. அம்மாவிடம் போய், அதைச் சுற்றியிருந்த மினுமினுப்புத் தாளைக் கிழிக்கப்போனேன். அம்மா தடுத்து வாங்கினார். டேப்பை நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

மிஸ் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையேறி அவ்வளவு பேசியும் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.