அமுதவள்ளி டீச்சருக்கு வந்த ஒரே சீட்டு

அமுதவள்ளி டீச்சருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சிலமலைக்குப் பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். பாடம் சொல்லிக்கொண்டே ஒருத்திக்குச் சடை பின்னுவாள், இன்னொருத்தன் சட்டைக்குப் பித்தான் தைப்பாள். பத்து வயதில் அம்மாவோடு, கூலியாட்களை ஏற்றும் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுப் பக்கம் மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள். எப்படியோ தப்பித்துப் படித்து வந்துவிட்டாள். தன் வகுப்புப் பிள்ளைகள் யாரும் அந்த ஜீப்பில் ஏறிவிடக் கூடாதே என்று எந்நேரமும் ஒரு பதைப்பு.

அதனால்தான் சனிக்கிழமை டியூஷன். பைசா வாங்க மாட்டாள். அவள் புருஷன் பால்ராஜ் போடிக் கடைகளிலிருந்து ஏலக்காயை மூட்டையாக வாங்கி வந்து, வீட்டில் வைத்துத் தரம் பிரித்துத் திருப்பிக் கொடுப்பவர். பிள்ளைகள் வந்ததும் ஏலக்காய் பரப்பிய சொளகை ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டு காம்பு கிள்ளுவார்கள். வெளுத்தது தனி, வெடித்தது தனி. வாய் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லும், கை அதுபாட்டுக்கு ஓடும். ஊரில் பாதி வீட்டில் இந்தக் கதைதான். இதைப் போய் யாராவது வேலை என்பார்களா?

போன வாரம் ஐந்தாம் வகுப்புக்குக் குழந்தைகள் உரிமை நடத்தினாள். செங்கல் சூளை, கல் குவாரி என்று படம் படமாக ஒட்டி, தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினாள். ஒரு பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு மேஜைமேல் வைத்தாள். "உங்களை யாராச்சும் வேலை வாங்குனா எழுதிப் போடுங்க. பேரு வேணாம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்தால் ஒரே ஒரு சீட்டு.

"டீச்சர் வீட்ல நாங்க ஏலக்கா கிள்றது வேலையா இல்லையா?"

பேர் இல்லாவிட்டால் என்ன, டியூஷனுக்கு வரும் சுசித்ராவின் கோணல் எழுத்து தெரியாதா! முதலில் வந்தது கோபம்தான். "அடி ஆத்தி, ஓசியில சொல்லிக் குடுத்தா இதுவும் கேப்பா, இன்னமும் கேப்பா!" சீட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டாள். பஸ்சில் எடுத்துப் பார்த்தாள். இறங்கி நடக்கும்போது மறுபடியும் பார்த்தாள். வீட்டில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

"ஏங்க, புள்ளைக கிள்றத நிறுத்திருவமா?"

பால்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். "வெளையாடுறியா? திங்கக்கெழம மூணு மூட்டை குடுக்கணும். புள்ளைக ஆசையாத்தான செய்யுதுக."

ஆசையா. அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று குத்தியது. மலையில் வேலை வாங்கிய கங்காணியும் அவள் அம்மாவிடம் இதையேதான் சொல்வார்: 'ஒம் மக ஆசையா வருது, வரட்டும்.' அமுதவள்ளிக்கு ஒருநாள்கூட ஆசை இருந்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. இந்தப் பிள்ளைகளை அவள் மட்டும் கேட்டாளா?

மறுநாள் காலை டியூஷன் பிள்ளைகள் ஒன்பது பேரும் வந்தார்கள். வந்த கையோடு சொளகை எடுக்கப் போனார்கள்.

"வச்சிருங்க" என்றாள்.

"ஏன் டீச்சர்?" என்று கேட்டான் ராஜ்கமல்.

சீட்டைப் பிரித்து வாசித்தாள். "இது வேலைதான். வாங்குனது நாந்தான். இனிமே யாரும் கிள்ள வேணாம்."

அப்பாடா என்று யாரும் சிரிக்கவில்லை. ராஜ்கமல் சுசித்ராவை முழங்கையால் இடித்தான். "ஒன்னாலதான்டி. டியூஷன் போச்சு."

சுசித்ரா எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "எழுதுனது நாந்தான் டீச்சர். நான் மட்டும் கிள்றேன். இவங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுங்க."

அமுதவள்ளி அவளைக் கைபிடித்து உட்கார வைத்தாள். உரிமையைக் கேட்டதற்கு விலையாகத் தன் கையையே நீட்டுகிறாளே இந்தப் பிள்ளை! "நீயும் வேணாம் தாயி. டியூஷன் எப்பயும் போல உண்டு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

சுசித்ரா மூக்கைத் துடைத்தாள். கோபமெல்லாம் இல்லை, கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரியேதான் கேட்டாள்: "கிள்ளாட்டியும் உண்டுன்னா, இத்தன நாளா எதுக்கு டீச்சர் கிள்ளச் சொன்னீங்க?"

டீச்சர், மூட்டைப் பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் மூட்டையைப் பார்த்தார்.

"கூலிக்கு ஆள் வைக்காமத் தப்பிக்கத்தான் தாயி" என்றாள்.